திறைசேரிக்குக் காவல் உண்டு, கேட்பார் உண்டா?

2020 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 13 ஆந் திகதியிட்ட வர்த்தமானி அறிவித்தல் ஒன்றினால், இறக்குமதிச் சீனி கிலோ ஒன்றுக்கு அதுவரை அறவிடப்பட்டு வந்த 50 ரூபா வரி 25 சதமாகக் குறைக்கப்பட்டது. ஐம்பது ரூபா எங்கே, இருபத்தைந்து சதம் எங்கே! ஏழையின் தேநீர்க் கோப்பையை இனிப்பாக்கவே இந்த ஏற்பாடு என்று ஆட்சியாளர் சொன்னார்கள். ஆனால் சங்கக்கடைக்குப் பையோடு சென்ற நம் தாய்மார் கண்டது என்ன? வரி விழுந்த அளவுக்கு விலை விழவில்லை. குறைக்கப்பட்ட வரியின் பெரும்பகுதி குடிமக்களின் மடிக்கு வந்து சேரவில்லை. அரசாங்கம் இழந்த வருமானமோ ஏறத்தாழ 1,600 கோடி ரூபா எனக் கணக்கிடப்பட்டது. கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அலுவலகம் இதனை ஆராய்ந்து அறிக்கையும் எழுதிற்று.

எழுதிற்று, அதன்மேல் என்ன நடந்தது? பாராளுமன்றத்திலே பேச்சு நடந்தது. பத்திரிகைகளிலே தலைப்பு வந்தது. அந்த 1,600 கோடியில் ஒரு சதமேனும் திறைசேரிக்குத் திரும்பி வந்ததாக நாம் கேள்விப்படவில்லை. கேள்விப்பட்டவர் எவரேனும் உளராயின் எமக்கு எழுதியறிவிக்குமாறு வேண்டுகின்றோம். அடுத்த இதழிலே முதற் பக்கத்தில் மகிழ்வுடன் வெளியிடுவோம்.

நாம் இன்று எழுதப் புகுவது சீனியைப் பற்றியன்று. திருட்டுக் கண்டுபிடிக்கப்படுகின்றது, கண்டுபிடித்தவர் கையொப்பமிட்டு எழுதியும் வைக்கின்றார், ஆனால் திருடியது திரும்பி வருவதில்லை என்ற விசித்திரமான ஏற்பாடு இந்நாட்டில் எப்படி வேரூன்றியது என்பதைப் பற்றியே எழுதுகின்றோம். அந்த ஏற்பாட்டிலே தமிழராகிய நமக்கும் ஒரு பங்கு உண்டென்பதையும் மறையாது கூறுவோம்.

கணக்காய்வு என்றதும் நம்மவரிற் பலருக்கு நினைவில் வருபவர், கச்சேரியின் ஒரு மூலையிலே மூக்குக்கண்ணாடியோடு வவுச்சர் புரட்டிக்கொண்டிருக்கும் ஓர் உத்தியோகத்தர். பயணப்படிக் கோரிக்கையில் இரண்டு மைல் கூடிவிட்டதென்று கடிதம் அனுப்புபவர். அரசாங்க சேவையிலே தலைநரைத்த தமிழர் எவரும் 'ஓடிட் வினா' என்ற சொல்லைக் கேட்டு ஒருநாளேனும் உறக்கம் இழந்திருப்பர். ஆனால் அந்தப் பதவியின் பொருள் பயணப்படியோடு முடிந்துவிடுவதன்று.

ஆங்கிலேயர் இலங்கையின் கரையோரத்தைக் கைப்பற்றிய சில ஆண்டுகளுக்குள், 1799 இலேயே, இப்பதவி இந்நாட்டில் உண்டாயிற்று. குடியேற்ற ஆட்சியாளர் மக்களுக்குக் கணக்குக் காட்ட இதனை ஏற்படுத்தினார்கள் என்று எவரும் மயங்க வேண்டா. தம் எசமானருக்குக் கணக்குக் காட்டவே ஏற்படுத்தினார்கள். மக்களுக்குரிய பதவியாக அதனை மாற்றியது 1947 ஆம் ஆண்டின் சோல்பரி அரசியற்றிட்டம். கணக்காய்வாளர் அதிபதியை மந்திரிமார் தம் விருப்பப்படி விலக்க முடியாது, அவருடைய சம்பளத்திலே அவர்கள் கைவைக்க முடியாது என்று அது வேலி கட்டிற்று. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் தன் 153 ஆம், 154 ஆம் உறுப்புரைகளிலே அந்த வேலியை வைத்துக்கொண்டது. அரசாங்கத் திணைக்களங்கள், உள்ளூராட்சிச் சபைகள், கூட்டுத்தாபனங்கள் யாவும் அவர் கணக்கெடுப்புக்கு உட்பட்டவை. நிதியாண்டு முடிந்து பத்து மாதத்துக்குள் அவர் பாராளுமன்றத்துக்கு அறிக்கை செய்தல் வேண்டும்.

பாராளுமன்றம் பணத்தை ஒதுக்குகின்றது. ஒதுக்கிய பணம் சொன்ன காரியத்துக்குத்தான் செலவாயிற்றா என்று பார்க்க அதற்குக் கண் இல்லை. அந்தக் கண்தான் இவர். அவர் எந்த மந்திரிக்கும் உத்தியோகத்தர் அல்லர். எந்த மந்திரிக்கும் பகைவரும் அல்லர்.

கமக்காரராகிய வாசகர்களுக்கு இதனை அவர்களுடைய வயலோரத்திலேயே வைத்துக் காட்டலாம். ஒரு குளத்தின் வாய்க்கால் திருத்தத்துக்குப் பணம் வருகின்றது என்று வைத்துக்கொள்வோம். மதிப்பீட்டிலே நூறு கியூப் கிரவல். வாய்க்காற் கரையில் வந்து விழுந்தது அறுபது. அளவைப் புத்தகத்திலே எழுதப்பட்டது நூறு. ஒப்பந்தகாரர் பற்றுச்சீட்டுக் கொடுக்கின்றார். தொழில்நுட்ப உத்தியோகத்தர் கையொப்பமிடுகின்றார். கணக்காளர் காசோலை எழுதுகின்றார். தாளிலே பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. மாரி பிறந்து தண்ணீர் திறந்துவிட்டதும் கரை உடைந்து பயிர் அழியும்போது, அழிந்த பயிருக்குப் பற்றுச்சீட்டு இல்லை. வயிறெரிந்த கமக்காரனுக்கு வவுச்சர் இல்லை. கணக்காய்வாளர் என்பவர் அந்த வாய்க்காற் கரைக்கு நாடாவோடு வந்து நிற்க உரிமையுள்ள ஒருவர். நாற்பது கியூப் எங்கே என்று கேட்கவும், அதனை அழியாத மையினால் எழுதி வைக்கவும் உரிமையுள்ளவர். நல்ல கணக்காய்வாளர் இன்னொன்றும் கேட்பார்: நூறு கியூப்பும் விழுந்திருந்தாலும், இந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் ஏறுமா? ஏறாத வாய்க்காலுக்கு ஏன் பணம் ஒதுக்கினீர்கள்?

சரி, எழுதி வைத்தாயிற்று. நாற்பது கியூப்பின் விலையை யார் கட்டுவது?

இங்கேதான் இந்நாட்டுச் சட்டத்தின் நெளிவு சுளிவை வாசகர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். உள்ளூராட்சிச் சபைகளைப் பொறுத்தவரை சட்டம் நெடுங்காலமாகவே கடுமையானது. சட்டத்துக்கு மாறான செலவைக் கணக்காய்வாளர் ஏற்க மறுத்து, அதனை அனுமதித்தவரின் தலைமேலேயே சுமத்தி அறவிடலாம் என்று நகரசபைச் சட்டங்கள் கூறின. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் அவ்வாறே கூறிற்று. ஒரு பிரதேச சபைத் தவிசாளர் விழா மேடைக்குப் பந்தல் போட்ட செலவிலே பிழைவிட்டால், சில ஆயிரம் ரூபாவை அவர் தம் சட்டைப்பையிலிருந்து கட்ட நேரலாம். நன்று, கட்டட்டும். ஆனால் கொழும்பிலே ஓர் அமைச்சில் நூறு கோடி போனால்? அங்கே கணக்காய்வாளருக்கு அத்தகைய அதிகாரம் இருக்கவில்லை. அவர் எழுதலாம், வருந்தலாம், மறு ஆண்டு அதையே மீண்டும் எழுதலாம்.

இந்தக் குறையை நீக்கவென்று வரையப்பட்ட கணக்காய்வுச் சட்டமூலம் பத்து ஆண்டுகளுக்கு மேலாக மேசை விட்டு மேசை ஏறி அலைந்தது. அமைச்சரவைகள் மாறின, சட்டமூலம் மட்டும் பிறக்க மறுத்தது. ஈற்றில் 2018 இலே 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டமாக அது நிறைவேறியபோது, நட்டத்தை அறவிடும் கோல் யார் கையில் கொடுக்கப்பட்டது தெரியுமா? அமைச்சின் பிரதான கணக்கீட்டு உத்தியோகத்தர் கையிலே. அதாவது அந்த அமைச்சின் செயலாளர் கையிலே! எந்த வீட்டில் களவு போயிற்றோ அந்த வீட்டுக் காரியக்காரனிடமே திருடனைத் தண்டிக்கும் பிரம்பு ஒப்படைக்கப்பட்டது. பிரதேச சபைக்கு ஒரு நீதி, பேரமைச்சுக்கு ஒரு நீதி. சிறு மீனுக்கு வலை. திமிங்கிலத்துக்கு வேண்டுகோட் கடிதம்.

கணக்காய்வு அறிக்கைகளைப் படிக்கப் பாராளுமன்றத்திலே குழுக்கள் உண்டு. அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு ஒன்று. 'கோப்' என்று மக்கள் சுருக்கி வழங்கும் பொது முயற்சியாண்மைகள் பற்றிய குழு இன்னொன்று. இவை விழித்திருந்த வேளைகளில் நடந்ததையும், உறங்கிய வேளைகளில் நடந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை துலங்கும்.

2007 ஆம் ஆண்டிலே கோப் குழு வெளியிட்ட அறிக்கைகள் பழைய தனியார்மயக் கொடுக்கல் வாங்கல்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. அவற்றின் பின்னர் பொதுநல வழக்குகள் எழுந்தன. கப்பல்களுக்கு எரிபொருள் வழங்கும் லங்கா மரைன் சேர்விசஸ் கம்பெனியை 2002 இலே விற்றது செல்லாதென உயர் நீதிமன்றம் 2008 இலே தீர்த்தது. 2003 இல் விற்கப்பட்ட இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனமும் 2009 யூன் மாதத் தீர்ப்பினால் மீண்டும் அரசின் கைக்கு வந்தது. போன சொத்து வந்தது! தாளிலே எழுதப்பட்டதைப் படிக்க ஒரு குழுவும், படித்ததைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்கு ஓட ஒரு குடிமகனும், கேட்க ஒரு நீதிமன்றமும் அமைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இவை சான்று. இது முடியாத காரியம் என்று சொல்லுவோர் வாயை இந்த இரண்டு தீர்ப்புகளும் அடைக்கும்.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். 2015 பெப்ரவரி 27 ஆந் திகதி மத்திய வங்கி 30 ஆண்டுத் திறைசேரி முறிகளை ஏலம் விட்டது. அறிவிக்கப்பட்ட தொகை 100 கோடி ரூபா. ஏற்றுக்கொள்ளப்பட்டதோ 1,000 கோடிக்கு மேல். கணக்காய்வாளர் தலைமை அதிபதி 2016 யூன் மாதத்திலே இதுபற்றி விசேட அறிக்கை கொடுத்தார். கோப் குழு அதனை எடுத்து விசாரித்து அதே ஆண்டு ஒக்டோபரில் தன் அறிக்கையை வைத்தபோது, அன்றைய ஆளுங்கட்சி அங்கத்தவர் சிலர் பக்கங்களின் அடியிலே தம் மாற்றுக் கருத்துகளை அடிக்குறிப்புகளாகப் புகுத்தினர். அடிக்குறிப்பு என்பது தமிழ்ப் புலவர்கள் பழைய ஏடுகளைப் பதிப்பிக்கும்போது பயன்படுத்திய அருமையான கருவி; அது திருட்டுக்குப் பாதுகை தாங்கவும் உதவும் என்பதை இந்நாட்டுப் பாராளுமன்றத்தார்தாம் உலகுக்குக் காட்டினர். பின்னர் 2017 இலே ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று அமர்ந்தது, வழக்குகளும் தொடுக்கப்பட்டன. ஆண்டுகள் பல உருண்டன.

அன்று மத்திய வங்கியின் ஆளுநராக இருந்தவர் ஒரு தமிழர். அதனைச் சொல்லாது விட்டு மேலே செல்ல எம்மாலும் முடியும். ஆயினும் சொல்லுகின்றோம். அவர் குற்றவாளியா அல்லரா என்பதை நீதிமன்றமே கூறவேண்டும். அதற்கு முன் தீர்ப்புக் கூறுவது எமது தொழிலன்று. ஆனால் அவர் தமிழர் என்பதற்காகவே வாய்மூடியிருந்த தமிழ்ப் பத்திரிகைகளும், அவர் தமிழர் என்பதற்காகவே வாய்திறந்த சிங்களப் பத்திரிகைகளும் ஒரே பிழையைத்தான் செய்தன. கணக்குப் புத்தகத்துக்கு இனம் இல்லை. வரவுப் பக்கம் சிங்களத்திலும் செலவுப் பக்கம் தமிழிலும் எழுதப்படுவதில்லை.

கணக்காய்வாளரின் பதவியை இந்நாட்டு அரசாங்கங்கள் எவ்வாறு நடத்தின என்பது தனியே எழுதப்பட வேண்டிய சரித்திரம். 2015 இலே 19 ஆவது திருத்தம் கணக்காய்வுச் சேவைக்கென ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. அரசாங்கம் பாதிக்குக் குறையாத பங்கு வைத்திருக்கும் கம்பெனிகளையும் கணக்காய்வுக்குள் கொண்டுவந்தது. 2020 இலே 20 ஆவது திருத்தம் வந்து அந்த ஆணைக்குழுவை ஒழித்தது. அத்திருத்தத்தின் முதல் வரைவோ அரச கம்பெனிகளையும் கணக்காய்வாளர் கண்ணுக்கு அப்பாற் கொண்டுபோக முயன்றது. எங்கும் ஆட்சேபம் எழுந்த பின்னரே அந்தக் கை பின்னுக்கு இழுக்கப்பட்டது. பதினெட்டு மாதம் செல்வதற்குள், 2022 ஏப்ரிலிலே, நாடு கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்தது. அதே ஆண்டு ஒக்டோபரிலே 21 ஆவது திருத்தம் மீண்டும் ஆணைக்குழுவை உயிர்ப்பித்தது. கட்டுவதும் இடிப்பதும், இடித்ததைக் கட்டுவதும் சிறுவர் மணல்வீட்டு விளையாட்டன்றோ! பின்பு ஊழலை ஒழிப்போம் என்றே வாக்குக் கேட்டு ஓர் அரசாங்கம் வந்தது. அந்த அரசாங்கத்தின் காலத்திலே, 2025 ஏப்ரிலில், கணக்காய்வாளர் தலைமை அதிபதி ஓய்வு பெற்றார். டிசெம்பர் மாதம் பிறந்தபோதும் அவ்விடத்துக்கு நிரந்தர நியமனம் இருக்கவில்லை. ஜனாதிபதி முன்மொழிந்தவர்களை அரசியலமைப்புப் பேரவை ஏற்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்று வழக்காடுவது இங்கே எமக்கு வேண்டாத வேலை. நாம் கேட்பது ஒன்றே: மாதக் கணக்கில் இராணுவத் தளபதி இல்லாமல் இருக்க எந்த அரசாங்கமாவது சம்மதித்திருக்குமா? வவுச்சர் பார்க்கும் மனிதர்தானே, மெல்ல வரட்டும் என்றுதானே இருந்தார்கள்?

இவையெல்லாம் கொழும்பு விவகாரம், வன்னியில் மண் கிண்டும் எமக்கு என்ன என்று கேட்கும் கமக்காரருக்கு 2021 ஆம் ஆண்டை நினைவூட்டுகின்றோம். அவ்வாண்டு மே மாதத்திலே இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டது. நவம்பரிலே தடை நீங்கிற்று. ஆனால் காலபோகம் தடை நீங்கும்வரை காத்திருக்குமா? யூரியா இல்லாமல் மஞ்சளித்து நின்ற பயிரை இரணைமடுவின் கீழும் கட்டுக்கரையின் கீழும் கண்டவர்கள் நீங்கள். அதே வேளையிலே, சேதனப் பசளை கொண்டுவரவென்று ஒரு சீனக் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்யப்பட்டது. மாதிரிகளிலே பயிருக்குத் தீங்கு செய்யும் நுண்ணுயிர் இருப்பதாக இந்நாட்டுப் பரிசோதகர் கூறினர், கம்பெனி மறுத்தது. கப்பல் கடலிலே சுற்றித் திரிந்து திரும்பிப் போயிற்று. ஒரு மூடை பசளையேனும் இறங்கவில்லை. இறங்காத பசளைக்காக 2022 சனவரியிலே ஏறத்தாழ 69 இலட்சம் அமெரிக்க டொலர் செலுத்தப்பட்டது. நாட்டிலே மருந்து வாங்க டொலர் இல்லாதிருந்த மாதம் அது!

கடன் பத்திரம் திறக்க அனுமதித்தவர் யார்? ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைப் படித்துக் கையொப்பமிட்டவர் யார்? இவை கணக்காய்வுக் கேள்விகள். தத்துவமோ அரசியலோ இவற்றில் இல்லை. ஆனால் இவற்றுக்கு விடை கிடைத்து, விடையின்படி ஒருவராவது கட்டியிருந்தால், அடுத்த முறை கையொப்பமிடப் போகும் பேனா ஒரு கணம் தயங்கியிருக்கும். பொருளாதாரத்தை வீழ்த்தியதன் மூலம் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் என்று முன்னாள் ஜனாதிபதிகள் இருவரையும் வேறு சிலரையும் குறித்து உயர் நீதிமன்றம் 2023 நவம்பர் 14 ஆந் திகதி தீர்ப்பளித்தது. வழக்காடியவருக்குச் செலவுத் தொகை கிடைத்தது. விளைச்சல் இழந்தவருக்கு அத்தீர்ப்பினால் என்ன கிடைத்தது?

இனி நமது வீட்டைப் பார்ப்போம்.

தமிழ் மக்கள் கணக்குக் கேட்கத் தெரியாத மக்கள் அல்லர். யாழ்ப்பாணத்து ஊர்க் கோயில் ஒன்றிலே திருவிழாக் கணக்கில் பத்து ரூபா குறைந்தால் தருமகர்த்தா சபை இரண்டாகும்; வழக்கு மாவட்ட நீதிமன்றத்திலே மூன்று தலைமுறை நடக்கும். கூட்டுறவுச் சங்கத்தின் மகாசபைக் கூட்டத்திலே, ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட கமக்காரர் எழுந்து நின்று, போன வருடத்துச் சாக்கு விற்ற காசு எங்கே என்று தலைவரைத் திணறடிப்பதை நாம் கண்டிருக்கின்றோம். நம் முன்னோரும் இதில் நம்மைவிடக் குறைந்தவர் அல்லர். தொண்டை நாட்டு உத்திரமேரூரிலே, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919 ஆம், 921 ஆம் ஆண்டுகளிலே பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைப் பாருங்கள். ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை மூலம் ஆளெடுக்கும் விதிகள் அவற்றிலே உள்ளன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது விட்டவன் மீண்டும் தெரிவு செய்யப்படத் தகுதியற்றவன். அவன் மாத்திரமல்லன், அவனுடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர்! அது அந்தணர் ஊர்ச் சபை, எல்லாச் சாதியாருக்கும் உரிய சனநாயகம் அன்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எனினும் ஏரி வாரியத்தானைக் கணக்குக் கேட்ட அந்தக் கல், இன்றைய குளக்கட்டு ஒவ்வொன்றிலும் நட்டுவைக்கத் தக்கது. உறவினரைத் தடுக்கும் விதி இன்று நடைமுறைக்கு வந்தால் இந்நாட்டுப் பாராளுமன்றத்திலே எத்தனை நாற்காலி வெறுமையாகும் என்று எண்ணிப் பார்ப்பதும் ஓர் இன்பமே.

கோயிலிலும் சங்கத்திலும் இவ்வளவு விழிப்பாக இருக்கும் நாம், நமது பொதுச் சபைகளிலே எப்படி இருந்தோம்? 2013 இலே பெரும் நம்பிக்கையோடு வட மாகாண சபையைத் தெரிவு செய்தோம். நான்காண்டு செல்வதற்குள் அதன் அமைச்சர்மார் மேல் முறைப்பாடுகள் எழுந்தன. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 2017 யூனிலே அமைச்சர் இருவர் பதவி விலக நேர்ந்தது. அந்த விசாரணையின் முடிவுகள் சரியா பிழையா என்று நிதானமாக ஆராய்ந்தவர் எத்தனை பேர்? நம்பிக்கையில்லாத் தீர்மானமும், முதலமைச்சருக்கு ஆதரவான கடையடைப்பும், கட்சிப் பிளவும் முன்னுக்கு வந்தன; கணக்கு பின்னுக்குப் போயிற்று. எவர் எந்தப் பக்கம் என்பது கேள்வியாயிற்று. பணம் எந்தப் பக்கம் போனது என்பது கேள்வியாகவில்லை. "நம்மவர் குற்றத்தை நாமே பேசினால் பேரினவாதிகளுக்கு வாய்ப்பாகும்" என்ற பழைய போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டோம். அந்தப் போர்வைக்குள் குளிர் காய்ந்தவர் யார் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செத்தெம்பரிலும், வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரிலும் முடிந்தன. அதன்பின் 2025 ஆம் ஆண்டு முடியும்வரை தேர்தல் இல்லை. ஆனால் மாகாணத்துக்குப் பணம் வராமல் நின்றதா? இல்லை. பாடசாலை, வைத்தியசாலை, வீதி, நீர்ப்பாசனம் யாவற்றுக்கும் பணம் வந்தது. ஆளுநரும் அதிகாரிகளும் செலவிட்டனர். கணக்காய்வாளரும் தம் கடமையைச் செய்து அறிக்கை எழுதினார். அந்த அறிக்கையைக் கையில் எடுத்து, செயலாளரைக் கூப்பிட்டு நிறுத்தி, 'ஐயா, இந்தப் பந்திக்கு விடை என்ன?' என்று கேட்கத் தெரிவு செய்யப்பட்ட மாகாண சபை அங்கத்தவர் ஒருவர்தானும் இருக்கவில்லை. உள்ளூராட்சிச் சபைகளும் 2023 மார்ச்சிலே காலாவதியாகி, 2025 மே மாதத் தேர்தல்வரை அதிகாரிகளின் கையிலேயே இருந்தன. ஆளில்லாத வீட்டு வாசலிலே தபாற்காரர் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போவது போலக் கணக்காய்வு அறிக்கை வந்து விழுந்தது.

மாகாண சபைத் தேர்தலை நடத்து என்று நம் தலைவர்கள் கேட்கும்போது அதிகாரம், காணி, பொலிஸ் என்று முழங்குகின்றார்கள். முழங்கட்டும், அவை நம் உரிமைகள். ஆனால் தேர்தல் இல்லாத ஒவ்வோர் ஆண்டும் கேட்பாரற்றுச் செலவான ஓர் ஆண்டு என்பதை அவர்களுள் எவராவது மேடையில் சொல்லக் கேட்டீர்களா? நமக்கென ஓர் ஆட்சி வேண்டுமென்று கேட்பவன், அந்த ஆட்சியின் பெட்டகத்துக்கு எத்தனை பூட்டு, திறப்பு யார் கையில் என்று முதலிலேயே கேட்டு வைத்தல் வேண்டும். திறப்பைப் பற்றிப் பேசாமல் பெட்டகத்தை மட்டும் கேட்பவரைக் கண்டு நாம் எச்சரிக்கையாக இருப்போம்.

உத்தியோகத்திலே இருக்கும் நண்பர் சிலர் எம்மிடம் ஒரு முறைப்பாட்டைச் சொல்வதுண்டு. கணக்காய்வுக்கு அஞ்சியே நல்ல அதிகாரி எந்தக் கோவையிலும் கையொப்பமிடாமல் தள்ளிப்போடுகின்றான். வெள்ளம் வந்து மக்கள் தத்தளிக்கும்போது மூன்று கேள்விப்பத்திரம் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா என்கின்றார்கள். இது வெறும் சாட்டு என்று தள்ளிவிட மாட்டோம். இரண்டு மைல் பயணப்படியைத் துருவிக்கொண்டு, 1,000 கோடி முறியைத் தாமதித்துக் காணும் கணக்காய்வு மக்களுக்கு உதவாது. நேர்மையுள்ளவனை நடுங்கவைத்து, நேர்மையற்றவனுக்குத் தாளை ஒழுங்காக வைக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடமாகவே அது முடியும். ஆனால் இதற்கு மருந்து கணக்காய்வைக் குறைப்பதன்று. அவசரச் செலவைச் செய்தவன், ஏன் அவசரம், யாரிடம் வாங்கினான், என்ன விலைக்கு என்று அன்றே எழுதி வைக்கட்டும். அப்படி எழுதி வைத்தவனைக் காப்பதும் கணக்காய்வாளர் கடமையே. உண்மையில் மந்திரியின் வாய்மொழிக் கட்டளைக்கு எதிராக ஒரு சிறு அதிகாரிக்கு இந்நாட்டிலே உள்ள ஒரே கேடயம், 'சேர், ஓடிட் விடாது' என்ற மூன்று சொற்கள்தாம். அந்தக் கேடயத்தைப் பிடுங்கி எறிய விரும்புவோர் யார் என்பதைக் கேடயம் வைத்திருப்பவரே அறிவர்.

ஆகவே நாம் கேட்பவை இவை. பிரதேச சபைத் தவிசாளர் மேல் விழும் கோல் அமைச்சின் செயலாளர் மேலும், அவருக்குக் கட்டளையிட்ட மந்திரி மேலும் விழ வேண்டும். அக்கோல் குற்றஞ்சாட்டப்பட்டவரின் அலுவலகத்துக்கு வெளியே இருக்க வேண்டும். கணக்காய்வாளர் பதவி வெறுமையாகும் நாளுக்கு முன்னரே அடுத்தவர் யார் என்பது தீர்மானிக்கப்பட வேண்டும். மாகாண சபைகள் இல்லாத காலத்து ஆண்டுகள் ஒவ்வொன்றின் கணக்காய்வு அறிக்கையும், தேர்தலின் பின் கூடும் முதலாவது சபையிலே பந்தி பந்தியாக எடுக்கப்பட வேண்டும். வேட்பாளர் வீட்டு வாசலுக்கு வரும்போது இந்த ஒன்றுக்கு மட்டுமாவது எழுத்திலே வாக்குறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அதுவரை கைகட்டி இருக்க வேண்டுமென்பதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சட்டத்தரணிகளுக்கு மாத்திரம் உரியதன்று. உங்கள் பிரதேச சபையிலும், கமநல சேவை நிலையத்தை நடத்தும் திணைக்களத்திலும், நீர்ப்பாசன அலுவலகத்திலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கின்றீர் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா மறுப்பதா என்பதை அவர் பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்ய இடமுண்டு. ஊரிலே உள்ள ஆசிரியரோ, ஓய்வு பெற்ற எழுதுவினைஞரோ கமக்காரர் அமைப்போடு அமர்ந்து அரைப் பக்கம் எழுதினாற் போதும். கடைசியாகத் திருத்தப்பட்ட உங்கள் வாய்க்காலின் பெயரை எழுதுங்கள். அதன் மதிப்பீடு, ஒப்பந்தகாரருக்குக் கொடுத்த தொகை, அளவைப் புத்தகத்தின் பிரதி, அதுபற்றிக் கணக்காய்வாளர் அனுப்பிய வினா, அதற்குத் திணைக்களம் கொடுத்த விடை ஆகியவற்றைக் கேளுங்கள். பின்பு நாடாவை எடுத்துக்கொண்டு வாய்க்காற் கரைக்குப் போங்கள். அளந்தது எவ்வளவு, எழுதியிருந்தது எவ்வளவு என்பதை எமக்கு அனுப்பி வையுங்கள். வரும் இதழ்களிலே அதற்கு இடம் ஒதுக்கியிருக்கின்றோம்.